எழுந்து போகத் தெரிந்தவள்

பட்டுப்புடவைக் கடையில் புடவை விரித்துக் காட்டுகிறவனுக்கு ஒரே ஒரு பயம்தான். எதிரே உட்கார்ந்திருக்கிறவர்கள் எழுந்துவிடக் கூடாது. காஞ்சிபுரத்தில் ஒன்பது வருடம் அந்த வேலை பார்த்தவன் நான். மெத்தையில் உட்கார வைப்பது, ஃபேனை அவர்கள் பக்கம் திருப்பி விடுவது, கலர் சோடா பாட்டிலைத் திறந்து கையில் கொடுப்பது, கேட்காத புடவையையும் பிரித்து மடியில் போடுவது, எல்லாமே அவர்களை எழவிடாமல் செய்யத்தான். முப்பது புடவையைப் பிரிக்க வைத்து, கலரையும் குடித்துவிட்டு, வேண்டாம் என்று எழுந்து போக நம் ஜனங்களுக்கு மனசு வராது. கூச்சப்படுவார்கள். எங்கள் கடையில் பாதி வியாபாரம் அந்தக் கூச்சத்தில்தான் நடந்தது.

அந்தக் கூச்சம் துளியும் இல்லாத ஒருத்தியை நான் பார்த்திருக்கிறேன். பெயரைச் சொல்லப் போவதில்லை. சொன்னால், "உன்னை யாருபா எழுதச் சொன்னது?" என்று நேரில் வந்து கேட்கக் கூடியவள். நான் அக்கா என்றுதான் கூப்பிட்டேன், இங்கேயும் அப்படியே இருக்கட்டும். என்னைவிட நாலைந்து வயது மூத்தவள். இரண்டாயிரம் பிறந்து ஓரிரண்டு வருடம் ஆகியிருந்த அந்தச் சமயத்தில் அவளுக்கு இருபத்தேழு இருக்கும்.

சித்தி மகள் கல்யாணத்துக்குப் புடவை எடுக்க முசரவாக்கத்திலிருந்து ஒரு வேன் நிறைய ஆட்களோடு வந்திருந்தாள். சர்ச்சில் நடக்கிற கல்யாணம், அதனால் சந்தன நிறத்தில் பட்டு கேட்டார்கள். சந்தன நிறத்தில் நாற்பது புடவை பிரித்தேன். பெண்ணுக்கே அலுத்துவிட்டது. பெரியவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்து, "சரி, இதையே எடுத்துக்கலாமே" என்று முனக ஆரம்பித்தார்கள். எனக்குத் தெம்பு வந்துவிட்டது. அந்த முனகல் வந்தால் பில் போட வேண்டியதுதான் பாக்கி. அப்போதுதான் அக்கா எழுந்தாள்.

"நல்லாத்தான் இருக்குது தம்பி. ஆனா இது இல்ல."

"கடைசியா ஒண்ணே ஒண்ணு பாருங்கக்கா."

"கடைசின்னு சொல்லி இதோட நாலு ஆச்சுபா."

சொல்லிவிட்டு மறுபடி உட்கார்ந்தாள். மனசு மாறிவிட்டாள் என்று நினைத்தேன். அவள் உட்கார்ந்தது மடிக்க. நாற்பது புடவையையும் மடிப்பு மேல் மடிப்பு விழும்படி, முந்தி வெளியே தெரிகிற மாதிரி, எங்கள் கடை ஆட்களைவிட நன்றாக மடித்து அடுக்கினாள். முதலாளி கல்லாவில் இருந்தபடி வாயைப் பிளந்து பார்த்துக்கொண்டிருந்தார். "பிரிச்சதை மடிச்சுக் குடுத்துட்டா எழுந்துக்கலாம்பா. அதுக்கு மேல இன்னா இருக்குது?" என்று என்னிடம் சொல்லிவிட்டு வேன் ஆட்களைக் கிளப்பிக்கொண்டு போனாள். உண்மையைச் சொல்வதென்றால், அன்றைக்கு எனக்கு எரிச்சல்தான் வந்தது. முதலாளியிடம் திட்டு வாங்கியவன் நான்தானே.

காஞ்சிபுரத்தில் அவளைப் பலருக்கும் தெரியும். பஸ் ஸ்டாண்டுப் பக்கம் ஒரு லேபில் ரத்தம் எடுக்கிற வேலை. ஊசியை ஒரு தடவைதான் குத்துவாள். நரம்பு கிடைக்கவில்லை என்றால் பஞ்சை வைத்து அழுத்திவிட்டு, "தண்ணி குடிச்சுட்டு அரை மணி நேரம் கழிச்சு வாங்க" என்று சொல்லிவிடுவாள். டாக்டர் எட்டிப் பார்த்து, "இன்னொரு தரம் பாரும்மா" என்றாலும் கேட்கமாட்டாள். "வம்பா குத்த மாட்டேன் சார். என் கைக்குத் தெரியுது, இப்ப வராது." வரிசையில் நிற்கிறவர்கள் முணுமுணுப்பார்கள். ஆனால் மறுமாதம் வரும்போது அவள் நாற்காலி முன்னால்தான் போய் நிற்பார்கள்.

அந்த ஊசியோடுதான் எங்கள் வாழ்க்கைக்குள்ளும் வந்தாள். நான் கடை வேலை போக, திருவிழா மெல்லிசைக் கச்சேரிகளில் டிரம்ஸ் வாசித்துக்கொண்டிருந்தேன். டிரம்ஸ் செட்டை வைக்க எங்கள் வீட்டில் இடம் கிடையாது. நண்பன் சீனுவின் வீட்டு மாடியில் வைத்திருந்தேன். சீனு வீட்டில் தெலுங்கு பேசுவார்கள், ஜரிகை வியாபாரம். அவன் பாஸ் கிட்டார் வாசிப்பான். சுற்றி நாலு வீட்டிலும் தறி ஓடுகிற தெரு, நாங்கள் எவ்வளவு தட்டினாலும் சண்டைக்கு யாரும் வரமாட்டார்கள். சீனுவின் நைனாவுக்குச் சர்க்கரை பார்க்க ரத்தம் எடுக்க வந்த அக்கா, மாடியில் சத்தம் கேட்டு ஏறி வந்தாள்.

"யாருபா வாசிக்கிறது?"

"நான்தான்க்கா."

உற்றுப் பார்த்தாள். "அட, புடவைக்காரன்! வேகமா வாசிப்பியா?"

"வாசிப்பேன்க்கா."

"வேகமா எல்லாரும் வாசிப்பாங்க. சட்டுனு நிறுத்துவியா?"

வேலூரில் லேப் படிப்பு படித்தபோது ஹாஸ்டலில் கூட இருந்த மிசோரம்காரப் பெண் ஒருத்தி அவளுக்கு ஒரு கேசட் கொடுத்திருக்கிறாள். இரைச்சலும் இடியுமான கனத்த கிட்டார் இசை. அதுவரை சர்ச் பாடல்களுக்குக் கிட்டாரில் மூன்று கார்டு வாசித்துக்கொண்டிருந்தவள் அதோடு மாறிப்போனாள். அந்த இசையில் அப்படி என்னக்கா இருக்கிறது என்று கேட்டேன். "அடிக்கிறது இல்லபா. அடிச்சுக்கினே வந்து எல்லாரும் ஒண்ணா நிறுத்துறாங்க பாரு, அது" என்றாள்.

மூன்று பேரும் சேர்ந்தோம். அக்கா கிட்டார், சீனு பாஸ், நான் டிரம்ஸ். சீனுவே கத்தவும் செய்வான், அதைத்தான் நாங்கள் பாட்டு என்று சொல்லிக்கொண்டோம். அக்கா ஒரு பாட்டு எழுதினாள். கரண்ட் கட்டைப் பற்றியது. இடி மாதிரி வந்துகொண்டே இருக்கிற பாட்டு நட்டநடுவில் செத்துப்போகும். எட்டு எண்ணும் வரை ஒரு சத்தமும் இருக்கக் கூடாது. அப்புறம் கரண்ட் வந்த மாதிரி மூன்று பேரும் ஒரே சமயத்தில் அடித்துக் கிளம்ப வேண்டும். பாட்டே அந்த எட்டு எண்ணிக்கையில்தான் இருந்தது.

அங்கேதான் தொல்லை. அக்காவிடம் இருந்தது சர்ச்சில் வாசிக்கிற மரப்பெட்டி கிட்டார். அதன் வயிற்றில் ஒரு மைக்கை ஒட்டி, ஆரஞ்சு நிறத்தில் சின்னதாக ஒரு பெடல் வைத்திருந்தாள், காலால் மிதித்தால் சத்தம் கரகரவென்று கொதிக்கும். மிதித்த மாத்திரத்தில் அந்த மரப்பெட்டி ஊளையிட ஆரம்பித்துவிடும். கம்பிகளின் மேல் கையை அழுத்தி வைத்தாலும் அடங்காது. நானும் சீனுவும் கப்பென்று நிற்போம், கிட்டார் மட்டும் ஊய்ய்ய் என்று தனியாக அழுதுகொண்டிருக்கும். எலக்ட்ரிக் கிட்டார் வாங்காமல் முடியாது என்று ஆனது.

அந்த நேரத்தில் தென்னேரி ஏரி தாண்டி ஒரு இன்ஜினியரிங் காலேஜில் ஆண்டு விழாவுக்குக் கால் மணி நேரம் கொடுத்தார்கள். சர்ச்சுக்கு வெளியே அக்கா ஏறப் போகும் முதல் மேடை. இரண்டு மாதம் முன்பே லேபில் லீவு சொல்லிவிட்டாள். அவள் அப்பா எதிரில் வந்தவர்களிடமெல்லாம், "எம்பொண்ணு காலேஜுல வாசிக்கப் போறா" என்று சொல்லிக்கொண்டு திரிந்தார். கையில் பணமும் வைத்திருந்தாள். கிட்டார்தான் வேண்டும்.

சென்னையில் இசைக்கருவி விற்கிற ஒரு கடைக்கு மூன்று பேரும் போனோம். சுவர் முழுக்க எலக்ட்ரிக் கிட்டார். எனக்கும் சீனுவுக்கும் கண்ணில் பட்டதெல்லாம் கறுப்பு. கொம்பு வைத்தது, மின்னல் மாதிரி வெட்டியது, மண்டை ஓடு வரைந்தது. "இதான்க்கா, இதான்" என்று சீனு துள்ளினான். அக்கா சாப்பாட்டுப் பையைத் திறந்து தன் ஆரஞ்சு பெடலையும் வயரையும் வெளியே எடுத்தாள். கடைக்காரர் தங்க பிரேம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு அவளைப் பார்த்தார்.

ஒவ்வொன்றாகச் செருகினாள். பெடலை முழுசாகத் திருகி, ஓங்கி ஒரு அடி, உடனே உள்ளங்கையைக் கம்பிமேல் வைப்பாள். தலையைச் சாய்த்துக் கேட்பாள். முதல் கிட்டார் கை வைத்த பிறகும் உர்ர் என்று உறுமிக்கொண்டே இருந்தது. கம்பிக்குக் கீழே இருக்கிற காந்தச் சுருள் ஒற்றையாக இருந்தால் அப்படித்தான் உறுமுமாம், இரட்டைச் சுருள் வேண்டுமாம். இரட்டைச் சுருள் வைத்த இன்னொன்று விசில் அடித்தது. மற்றொன்றில் கம்பிகளை ஆட்டி ஸ்வரத்தை வளைக்க ஒரு கைப்பிடி இருந்தது, சீனு மயங்கிப்போனான். அக்கா அதன் தடித்த கம்பியைக் கொஞ்சம் இறக்கினாள், கனத்த பாட்டுக்கு அப்படி இறக்க வேண்டும். இறக்கியதும் மற்ற ஐந்து கம்பியும் சுருதி கலைந்தன. "ஒருத்திய கீழ எறக்கினா மத்தவங்க எல்லாம் கோச்சிக்கிறாங்க. பாட்டுக்கு நடுவுல நான் யார சமாதானம் பண்றது?" என்று அதையும் ஒதுக்கினாள். எட்டு கிட்டார் ஆயிற்று. ஒவ்வொன்றின் கம்பியையும் துணியால் துடைத்து, தானே ஆணியில் திருப்பி மாட்டினாள்.

"நல்லாத்தான் இருக்குதுண்ணே. ஆனா இது இல்ல."

பஸ் வாலாஜாபாத் வரும்வரை சீனு ஜன்னல் பக்கமே திரும்பி உட்கார்ந்திருந்தான். அப்புறம் பொங்கிவிட்டான். "புரோகிராமுக்குப் பத்து நாள்தான்க்கா இருக்குது! கிட்டார் இல்லாம இன்னா பண்ணுவ, கைதட்டிக்கினு நிப்பியா?"

"பத்து நாள் இருக்குதுல்ல" என்றாள் அக்கா.

மூன்றாம் நாள் பிராக்டீஸில் சீனு அவள் முகத்துக்கு நேரே சொன்னான். சென்னையில் அவனுக்குத் தெரிந்த ஒரு பையன், வெளிநாட்டுக் கிட்டார் வைத்திருக்கிறவன், பாட்டைக் கேசட்டில் வாங்கிப் பழகிக்கொண்டிருக்கிறான். சனிக்கிழமைக்குள் அக்கா கையில் கிட்டார் வராவிட்டால் ஞாயிற்றுக்கிழமை மேடையில் அவன்தான். அவள் எழுதிய பாட்டை அவன் வாசிப்பான். "சரிபா" என்றாள் அக்கா. குரலில் ஒன்றும் தெரியவில்லை. ஆனால் கம்பியை முறுக்கிக்கொண்டிருந்த விரல் சுருதியைத் தாண்டி முறுக்கிக்கொண்டே போய்க் கம்பி அறுந்தது.

எழுந்து வருவது அவளுக்குச் சும்மா வந்ததில்லை. அதற்கு முந்தைய வருடம் ஒரு மாப்பிள்ளை வீட்டார் வந்து பார்த்தார்கள். அரசாங்க வேலை, நல்ல குடும்பம், இரண்டு பக்கமும் பேசி முடித்தாயிற்று. மாப்பிள்ளை சிரித்த முகமாக, "கிட்டார் எல்லாம் சர்ச்சோட வெச்சுக்கணும்" என்று ஒரு வார்த்தை சொன்னார். அக்கா எல்லோருக்கும் இன்னொரு காபி கொடுத்தாள். டம்ளர்களை வாங்கிக் கழுவிக் கவிழ்த்தாள். வந்து நின்று, "நல்லவங்களாத்தான் இருக்கிறீங்க. எனக்கு வேணாங்க" என்றாள். அதை அவள் அப்பாவே என்னிடம் சொன்னார். சொல்லிவிட்டு, "அதுக்கப்புறம் எவனும் வரலபா" என்றும் சொன்னார்.

இதெல்லாம் மனசில் ஓட, நான் ஒரு காரியம் செய்தேன். அக்காவுக்கு நல்லது செய்வதாகத்தான் நினைத்தேன். எஸ்.டி.டி. பூத்திலிருந்து அந்தக் கிட்டார் கடைக்குப் போன் போட்டேன். "அண்ணே, நானும் கடையில நிக்கிறவன்தான். சனிக்கிழமை வர்றோம். மறுநாள் அவங்களுக்கு மேடை, எப்படியும் வாங்கித்தான் ஆகணும். அவங்க எழுந்துக்காம நீங்க பாத்துக்குங்க." அவர் சிரித்தார். "நான் பாத்துக்கிறேன் தம்பி" என்றார். எனக்குத் தெரிந்த ஒரே வித்தை அது. அதைத்தான் அக்காவுக்காகச் செய்தேன்.

சனிக்கிழமை நானும் அக்காவும் மட்டும் போனோம். வாசலிலேயே வரவேற்பு. குஷன் வைத்த நாற்காலி. ஃபேன் எங்கள் பக்கம் திரும்பியது. கலர் பாட்டில் வந்தது. எங்கள் கடைக்குள்ளேயே வந்து உட்கார்ந்த மாதிரி எனக்குக் கூசியது. அக்கா கலரை நிதானமாகக் குடித்தாள், பாட்டிலைப் பார்த்தாள், ஃபேனைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்.

அதே கிட்டார்கள், கூடப் புதிதாக நாலு. உறுமல், விசில், சுருதி. "இது கடைசி பீஸ் மேடம், சாயந்தரம் ஒரு பார்ட்டி வந்து எடுக்கிறேன்னு இருக்காங்க" என்று கடைக்காரர் ஒன்றை நீட்டினார். அது கொஞ்சம் பரவாயில்லை. கை வைத்தால் பாதி அடங்கியது. அக்கா அதைத் துடைக்க ஆரம்பித்தாள். கடைக்காரருக்கு அவசரம். "அவ்வளவு பார்த்தா எப்படி மேடம்? நாளைக்கு மேடை ஏறணும், இன்னைக்கு எடுத்துத்தானே ஆகணும்?"

அக்காவின் கை நின்றது. நாளைக்கு மேடை என்று அவள் அந்தக் கடையில் யாரிடமும் சொல்லியிருக்கவில்லை. என் பக்கம் திரும்பவும் இல்லை. கிட்டாரை ஆணியில் மாட்டி, பெடலையும் வயரையும் பையில் வைத்து, "வர்றோம்ணே" என்று எழுந்து வெளியே நடந்தாள்.

தெருமுனையில் ஒரு கரும்புச்சாறு வண்டி. அதன் நிழலில் நின்றோம். திட்டினால் தேவலை என்று இருந்தது எனக்கு.

"நான் ஒண்ணு கேக்கிறேன், சொல்லு" என்றாள். "உங்க கடையில நல்ல புடவைய எப்ப எடுத்துக் காட்டுவ?"

"எழுந்துட்டாங்கன்னா காட்டுவேன்க்கா. அதுவரைக்கும் போகாத சரக்கத்தான் தள்ளுவோம்."

"வாசல் தாண்ட வுடுவியா?"

"மாட்டேன்க்கா. செருப்பு மாட்டறதுக்குள்ள கூப்பிட்டுருவேன்."

"நாம செருப்பும் மாட்டி, ரோட்டுக்கே வந்துட்டோம். அந்தாளு ஏன் கூப்பிடல?"

எனக்கு அப்போதுதான் உறைத்தது. கடைக்காரர் ஏன் கூப்பிடுவார்? நாங்கள் எப்படியும் திரும்பி வந்தாக வேண்டும் என்று அவருக்குத் தெரியும். நானே போன் போட்டுச் சொல்லியிருக்கிறேன். இத்தனை வருடம் இதே தொழிலில் இருந்துகொண்டு, வாங்க வந்தவளின் பலத்தை விற்பவன் கையில் கொண்டுபோய்க் கொடுத்தவன் நான்.

"நான் எழுந்து வர்றது ஒண்ணுதான் என் கையில இருந்துச்சுபா. அதையும் நீ வித்துட்ட" என்றாள். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. நான் நடுரோட்டில் அழுதுவிட்டேன். அதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை.

கடைக்குத் திரும்பி ஓடினேன். அவரை ஏமாற்ற ஒன்றும் திட்டம் போடவில்லை, தீர்ந்தது என்றே நினைத்தேன். "அண்ணே, நாங்க வாங்கல. அக்கா ஊருக்குக் கிளம்பறாங்க. நாளைக்கு வேற ஆள் வாசிக்கிறான். உங்களுக்கு வீணா போன் போட்டுட்டேன், தப்பா எடுத்துக்காதீங்க" என்று கும்பிட்டுவிட்டுத் திரும்பினேன். வாசலில் குனிந்து செருப்பில் கால் நுழைத்தேன்.

"தம்பி, இருங்க." கடைக்காரரின் குரல் மாறியிருந்தது. "உள்ள ஒண்ணு இருக்கு. நல்ல பீஸ்தான். கலரைப் பார்த்துட்டு எவனும் தொடமாட்டேங்கறான்."

பெட்டியைத் திறந்தார். வாடாமல்லி நிறம். அதில் பொன் நிறத்தில் திருகுகளும் தகடுகளும். இரட்டைச் சுருள் இரண்டு இருந்தன, ஆட்டுகிற கைப்பிடி இல்லை, கம்பிகள் மரத்தோடு அசையாமல் பிடித்திருந்தன. நான் தெருமுனைக்கு ஓடினேன்.

"வாங்கித்தான் ஆகணும்னு சொன்னியா?" என்று கேட்டாள் அக்கா.

"இல்லக்கா. வேணாம்னு சொல்லிட்டேன்."

"அப்ப வர்றேன்."

தடித்த கம்பியை இறக்கினாள். மற்றவை அசையவில்லை. பெடலைக் கடைசி வரை திருகினாள். ஓங்கி ஒரு அடி. கடைக் கண்ணாடிகள் அதிர்ந்தன. உள்ளங்கையை வைத்தாள். நின்றது. அப்படி ஒரு நிசப்தம். வெளியே கரும்பு பிழிகிற மணிச் சத்தம் கேட்டது. மறுபடி அடித்தாள், நின்றது. மூன்றாவது முறையும் அடித்து நிறுத்திவிட்டு, கண்ணை மூடிக் கொஞ்ச நேரம் இருந்தாள்.

"இதுதான்" என்றாள். அவள் வாயில் அந்த வார்த்தையை நான் கேட்டதே அதுதான் முதல் தடவை.

மறுநாள் காலேஜில் பெட்டியைத் திறந்ததும் சீனு தலையில் கை வைத்துக்கொண்டான். "இன்னாக்கா இது, முகூர்த்தப் புடவை மாதிரி! இத்த வெச்சிக்கினு எப்படிக்கா மேடை ஏறுறது?" சென்னைப் பையன் தன் கறுப்புக் கிட்டாரோடு தயாராக நின்றுகொண்டிருந்தான். சீனு அவனையும் அக்காவையும் மாறி மாறிப் பார்த்தான். "சனிக்கிழமைக்குள்ள வந்துடுச்சுல்ல? அப்ப நான்தானே?" என்றாள் அக்கா. சீனு போய்ச் சென்னைப் பையனைக் கிட்டாரைப் பெட்டியில் வைக்கச் சொன்னான்.

சாயங்கால வெயில் இன்னும் மேடையில் அடித்துக்கொண்டிருந்தது. எதிரே ஆயிரம் பையன்கள். சேலைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு, வாடாமல்லிக் கிட்டாரோடு ஒரு அக்கா வந்து நின்றதும் சிரிப்பும் விசிலும் கிளம்பின. "சாமி பாட்டா மேடம்?" என்று ஒருவன் கத்தினான். அவள் என் பக்கம் திரும்பிப் புருவத்தை உயர்த்தினாள். நான் குச்சியைத் தட்டி நாலு எண்ணினேன்.

அடித்த முதல் அடியில் விசில் நின்றது. அந்தக் கிட்டாரிலிருந்து வந்த கனம் என் முதுகுத்தண்டில் ஏறியது. பாட்டு ஓடி ஓடி நடு இடத்துக்கு வந்தது. மூன்று பேரும் நிறுத்தினோம்.

ஒன்று, இரண்டு, மூன்று. உறுமல் இல்லை, விசில் இல்லை. மேடையில் ஒன்றுமே இல்லை. அவ்வளவு கத்தலுக்குப் பிறகு அவ்வளவு அமைதியை யாரும் எதிர்பார்க்கவில்லை. ஸ்பீக்கர் செத்துவிட்டது என்று நினைத்து மைக்செட்காரர் ஜெனரேட்டரைப் பார்த்து ஓட ஆரம்பித்தார். "கரண்ட் போச்சுடா!" என்று கூட்டத்தில் ஒருவன் சொன்னது மேடை வரை கேட்டது. ஐந்து, ஆறு. நான் குச்சிகளைத் தூக்கிப் பிடித்தபடி அவள் கையையே பார்த்துக்கொண்டிருந்தேன். கம்பிமேல் படிந்த அந்த உள்ளங்கை சற்றும் ஆடவில்லை. ஏழு. எட்டு.

அடித்தோம். ஓடிக்கொண்டிருந்த மைக்செட்காரர் பாதி வழியில் அப்படியே நின்று தலையில் அடித்துக்கொண்டு சிரித்தார். ஆயிரம் பேர் எழுந்து நின்றார்கள். இவள் எங்கள் அக்கா என்று அத்தனை பேரிடமும் சொல்ல வேண்டும் போல இருந்தது.

இறங்கியதும் சென்னைப் பையன் நேராக சீனுவிடம் வந்தான். "இவங்க இருக்கறப்போ என்னை எதுக்கு மச்சான் கூப்பிட்ட?" என்றான். மேடைக்குப் பின்னால் ஒரு பெஞ்சில் அக்கா கிட்டாரை மடியில் வைத்துக் கம்பிகளைத் துடைத்துக்கொண்டிருந்தாள். சீனு அவள் எதிரில் போய் நின்றான்.

"தப்புதான்க்கா. இனிமே நீதான் நம்ம கிட்டார். வேற யாரையும் கூப்பிட மாட்டேன்."

"முதல்ல அந்தப் பையனுக்கு டிபன் வாங்கிக் குடுத்து பஸ் ஏத்திட்டு வா. அவ்ளோ தூரம் வரவெச்சியே." ஒரு கம்பியைத் துடைத்து முடித்து அடுத்ததுக்குப் போனாள். "அப்புறம், நான்தான் கிட்டாருன்னு நீ எப்படிப்பா சொல்லுவ? யார் கூட வாசிக்கிறதுன்னு நானும் பாக்கணும்ல?"

சீனு விழித்தான். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அடுத்து என்ன வரும் என்று எனக்குத் தெரியும். நல்லாத்தான் இருக்கிறீங்க, ஆனா. அவளை விற்றவன் நான். முந்தின நாள்தான் விற்றேன். குச்சிகளைப் பையில் போடுவதுபோல் குனிந்துகொண்டேன்.

அக்கா தலையைச் சாய்த்து என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். கிட்டார் கடையில் கண்ணை மூடி இருந்தாளே, ஏறக்குறைய அவ்வளவு நேரம்.

"டிரம்ஸு இவன்தான்" என்றாள்.

"அப்ப பாஸுக்கா?" என்றான் சீனு.

"பாக்கலாம்பா. இன்னும் நாலு பேரு வாசிக்கிறத கேட்டுட்டுச் சொல்றேன்."

மறுநாள் காலை கடை திறந்ததும் மெத்தையைத் தட்டி விரித்துக்கொண்டிருந்தேன். முதலாளி சாமி படத்துக்கு ஊதுவத்தி காட்டிவிட்டு, "இன்னாபா, உங்க கச்சேரி எப்படிப் போச்சு?" என்று கேட்டார். சொல்ல எவ்வளவோ இருந்தது.

"என்னை எடுத்துட்டாங்க முதலாளி" என்றேன்.